'முயன்றால் முடியும்' என்பதே நோயைக் கூட்டும்: நாள்பட்ட சோர்வு நோய்க்குறியில் அன்றாட ஆற்றலைக் கையாள்வது எப்படி?

புதுடெல்லி: வைரஸ் காய்ச்சல் ஒன்று வந்து போகிறது. காய்ச்சல் விட்டுப் பல மாதங்கள் ஆகியும் சோர்வு மட்டும் விடவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகள் அனைத்தும் இயல்பாக உள்ளன. 'நன்றாகச் சாப்பிடுங்கள், காலையில் நடங்கள், மனத்தைத் தளரவிடாதீர்கள்' என்ற அறிவுரை கிடைக்கிறது. அதன்படி நடைப்பயிற்சியைத் தொடங்கியவர், இரண்டு நாள் கழித்துப் படுக்கையிலிருந்து எழ முடியாமல் கிடக்கிறார். நாள்பட்ட சோர்வு நோய்க்குறியால் பாதிக்கப்பட்ட பலரின் அனுபவம் இந்த வரிசையில்தான் அமைகிறது.

பெரும்பாலான நோய்களில் உடலைச் சிறிது சிறிதாக உழைப்பிற்குப் பழக்குவது நன்மை தரும். இந்த நோயில் அதே அறிவுரை தீங்காக முடியக்கூடும். இதைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இதுவரை அங்கீகரிக்கப்படவில்லை. ஆகவே, இருக்கும் ஆற்றலை அளந்து, அதன் எல்லைக்குள் அன்றாட வேலைகளை அமைத்துக்கொள்ளும் முறையே இன்று நோயாளியின் கையில் உள்ள முக்கியக் கருவி. ஆங்கிலத்தில் 'பேசிங்' என்று அழைக்கப்படும் இதனைத் தமிழில் 'அளவோடு இயங்கும் முறை' எனலாம். அது ஏன் தேவைப்படுகிறது, அதை வீட்டிலும் பணியிடத்திலும் எவ்வாறு கடைப்பிடிப்பது என்பதை இத்தொகுப்பில் காண்போம்.

நோய் என்ன?

இந்நோயின் முழுப்பெயர் 'மயால்ஜிக் என்செபலோமைலிடிஸ் அல்லது நாள்பட்ட சோர்வு நோய்க்குறி'. சுருக்கமாக எம்.இ./சி.எஃப்.எஸ். என்று எழுதப்படுகிறது. பெரும்பாலும் ஏதேனும் ஒரு தொற்றுக்குப் பிறகு இது தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது. சிறுவர்களுக்கும் வரக்கூடும்.

அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, நோயை அடையாளம் காண்பதற்கான அளவுகோல்களைத் தொகுத்தது. முன்பு செய்து வந்த வேலைகளைச் செய்யும் திறன் கணிசமாகக் குறைந்து, ஓய்வெடுத்தாலும் தீராத சோர்வுடன் அந்நிலை ஆறு மாதங்களுக்கு மேல் நீடிப்பது முதல் அறிகுறி. சிறிய உழைப்பிற்குப் பிறகும் நோய் தீவிரமடைவது இரண்டாவது. எவ்வளவு நேரம் உறங்கினாலும் புத்துணர்வு கிடைக்காதது மூன்றாவது. இம்மூன்றுடன், நினைவாற்றலும் கவனமும் குன்றுவது அல்லது நிமிர்ந்து நிற்கும்போது தலைசுற்றல், படபடப்பு போன்றவை ஏற்படுவது ஆகிய இரண்டில் ஒன்றேனும் இருக்க வேண்டும்.

அதே அறிக்கை, அமெரிக்காவில் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை இந்நோயுடன் வாழ்வதாகவும், அவர்களில் 84 முதல் 91 சதவீதத்தினருக்கு நோய் இன்னதென்று கண்டறியப்படவே இல்லை என்றும் மதிப்பிட்டது. நோயாளிகளில் குறைந்தது நான்கில் ஒரு பங்கினர் ஏதேனும் ஒரு காலகட்டத்தில் வீட்டிலோ படுக்கையிலோ முடங்கிவிடுகின்றனர்.

பெயருக்குள் ஒரு சிக்கல்

'சோர்வு' என்ற சொல் அனைவருக்கும் பழகிய ஒன்று என்பதால், இந்நோயின் தீவிரம் அந்தப் பெயருக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. 'எனக்கும்தான் அசதியாக இருக்கிறது' என்ற பதிலை நோயாளிகள் அன்றாடம் எதிர்கொள்கின்றனர்.

லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 1955-ஆம் ஆண்டு ஊழியர்கள் 292 பேர் அடுத்தடுத்து நோயுற்றனர். மருத்துவமனையே சில மாதங்கள் மூடப்பட்டது. மறு ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழ் இந்நோயைக் குறிக்க மயால்ஜிக் என்செபலோமைலிடிஸ் என்ற பெயரை முன்வைத்தது. உலக சுகாதார அமைப்பு 1969-ஆம் ஆண்டிலேயே இதனை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் சேர்த்தது. ஆனால், அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 1988-ஆம் ஆண்டில் பயன்படுத்திய 'நாள்பட்ட சோர்வு நோய்க்குறி' என்ற பெயரே உலகெங்கும் பரவியது.

வழக்கமான அசதியிலிருந்து வேறுபடுவது எங்கே?

வேலை செய்து களைத்தவர் இரவு உறங்கினால் மறுநாள் தேறிவிடுவார். நாள்பட்ட சோர்வு நோய்க்குறியில் இது நடப்பதில்லை. உடலோ மூளையோ தன் வரம்பைத் தாண்டி உழைத்தால், சோர்வு, தசைவலி, தலைவலி, தொண்டைவலி, சிந்தனைக் குழப்பம், உறக்கக் கோளாறு என எல்லா அறிகுறிகளும் ஒருசேரத் தீவிரமடைகின்றன. மருத்துவர்கள் இதனை 'உழைப்பிற்குப் பிந்தைய நலிவு' என்கின்றனர். இந்நோயின் அடையாளமே இதுதான்.

இந்த நலிவு உடனே வருவதில்லை என்பதே பெரும் சிக்கல். பொதுவாக 12 முதல் 48 மணி நேரம் கழித்தே அது தலைகாட்டுகிறது. வந்தபின் நாள்கணக்கிலும், சிலருக்கு வாரக்கணக்கிலும் நீடிக்கிறது. சூடான பாத்திரத்தைத் தொட்டால் கை உடனே விலகும். தொட்டு ஒன்றரை நாள் கழித்துத்தான் சுடும் என்றால், எந்தப் பாத்திரம் சுட்டது என்று எவராலும் சொல்ல முடியாது. இந்நோயாளிகளின் நிலை ஏறக்குறைய அதுதான்.

எடுத்துக்காட்டாக, வங்கியில் பணிபுரியும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை உடல் சற்றுத் தெளிவாக இருக்கிறது. தேங்கிக் கிடந்த வேலைகள் கண்ணில் படுகின்றன. மூன்று மணி நேரம் வீட்டைச் சுத்தம் செய்கிறார். திங்கட்கிழமை அலுவலகம் செல்கிறார், பெரிய மாற்றம் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் எழ முடியவில்லை. முந்தைய நாள் அலுவலகத்தில் புதிதாக எதுவும் நடக்கவில்லையே என்று எண்ணி, காரணமே இல்லாமல் நோய் கூடிவிட்டதாக முடிவுக்கு வருகிறார். மூன்று நாள் கிடந்து எழுந்ததும், விட்டுப்போன வேலைகளை ஈடுகட்ட மீண்டும் வேகம் எடுக்கிறார். மறுபடியும் முடங்குகிறார். நல்ல நாளில் ஓடுவதும் அடுத்த நாள்களில் விழுவதுமான இந்தச் சுழற்சி தொடரத் தொடர, நல்ல நாள்களின் எண்ணிக்கையே குறைந்துவிடக்கூடும். இச்சுழற்சியை உடைப்பதே அளவோடு இயங்கும் முறையின் முதல் நோக்கம்.

உடற்பயிற்சி அறிவுரை மாறிய கதை

உடலுழைப்பு குறைந்ததாலும், உழைத்தால் நோய் கூடும் என்ற அச்சத்தாலுமே சோர்வு நீடிக்கிறது என்ற கருத்து மருத்துவ உலகில் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. அதன் அடிப்படையில் வாரந்தோறும் உடற்பயிற்சியைக் குறிப்பிட்ட அளவு கூட்டும் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டது. பிரிட்டனில் 641 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட 'பேஸ்' என்ற ஆய்வு, இத்தகைய உடற்பயிற்சியும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் பயனளிப்பதாக 2011-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் அறிவித்தது. இச்சிகிச்சைகளைப் பெற்றவர்களில் சுமார் 22 சதவீதத்தினர் குணமடைந்ததாக 2013-ஆம் ஆண்டு வெளியான தொடர் கட்டுரை கூறியது.

நோயாளிகள் பலர் இதனை ஏற்கவில்லை. உடற்பயிற்சிக்குப் பிறகு தங்கள் நிலை மோசமானதாக அவர்கள் எடுத்துரைத்தனர். ஆய்வின் இடையே 'குணமடைதல்' என்பதற்கான வரையறை தளர்த்தப்பட்டது குறித்தும் கேள்விகள் எழுந்தன. தகவல் உரிமை தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு, 2016-ஆம் ஆண்டு லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் ஆய்வின் மூலத் தரவுகளை வெளியிட்டது. முதலில் வகுத்திருந்த வரையறையின்படி அத்தரவுகளை வேறு ஆய்வாளர்கள் மீண்டும் கணக்கிட்டபோது, குணமடைந்தோர் எண்ணிக்கையில் சிகிச்சைக் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இறுதியில் பிரிட்டனின் தேசிய சுகாதார மற்றும் பராமரிப்புச் சிறப்பு நிறுவனமான 'நைஸ்', 2007-ஆம் ஆண்டில் தான் வெளியிட்ட வழிகாட்டுதலைத் திருத்தி எழுதியது. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி வெளியான புதிய வழிகாட்டுதல், குறிப்பிட்ட அளவில் படிப்படியாகக் கூட்டப்படும் உடற்பயிற்சித் திட்டத்தை இந்நோயாளிகளுக்கு வழங்கக் கூடாது என்று கூறியது. அதற்குப் பதிலாக, தங்களுக்குள்ள ஆற்றலின் வரம்புக்குள் செயல்பட நோயாளிகளுக்கு உதவ வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை நோயுடன் வாழத் துணைபுரியும் உதவியாக வழங்கலாம், நோயைத் தீர்க்கும் மருந்தாகக் கருதக் கூடாது என்றும் தெளிவுபடுத்தியது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நோயின் மூலகாரணம் இன்னும் முழுமையாகப் பிடிபடவில்லை. எனினும், உழைப்பிற்குப் பிந்தைய நலிவு வெறும் எண்ணம் அல்ல என்பதற்கான சான்றுகள் கிடைத்துள்ளன. மிதிவண்டி போன்ற கருவியில் மிதிக்கச் செய்து, மூச்சுக்காற்றையும் இதயத் துடிப்பையும் அளக்கும் பரிசோதனையை அடுத்தடுத்த இரண்டு நாள்களில் ஆய்வாளர்கள் நடத்தினர். உடல்நலம் உள்ளவர்கள் இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவில் செயல்பட்டனர். இந்நோயாளிகள் பலரிடமோ இரண்டாம் நாளில் உடலின் ஆற்றல் உற்பத்தித் திறன் குறைந்திருந்தது. முதல் நாள் பரிசோதனையுடன் நின்றிருந்தால் இந்த வீழ்ச்சி கண்ணில் பட்டிருக்காது. இப்பரிசோதனையே நலிவைத் தூண்டக்கூடியது என்பதால், நோயறிதலுக்காக அனைவருக்கும் இதனைச் செய்வது உகந்ததல்ல.

நெடுங்கால கோவிட் பாதிப்புக்கு ஆளான 25 பேரையும், கோவிட்டிலிருந்து முழுமையாகத் தேறிய 21 பேரையும் ஒப்பிட்டு ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் மேற்கொண்ட ஆய்வு 2024-ஆம் ஆண்டு 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியானது. கடும் உழைப்பிற்குப் பின் நலிவு ஏற்பட்ட காலத்தில் எடுக்கப்பட்ட தசை மாதிரிகளில், ஏற்கெனவே இருந்த கோளாறுகள் மேலும் மோசமாகியிருந்ததை அவர்கள் கண்டனர். நெடுங்கால கோவிட் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நாள்பட்ட சோர்வு நோய்க்குறியின் அளவுகோல்களும் பொருந்துகின்றன. ஆகவே இந்தக் கண்டுபிடிப்பு இரு தரப்பினருக்கும் முக்கியமானது.

முதல் படி: வரம்பை அறிதல்

சிகாகோவிலுள்ள டிபால் பல்கலைக்கழகப் பேராசிரியர் லியோனார்ட் ஜேசன், 'ஆற்றல் உறை' என்ற கருத்தை ஆய்வுகளின் மூலம் வளர்த்தெடுத்தவர். ஒருவரிடம் உள்ள ஆற்றலும், அவர் செலவிடும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மாதச் சம்பளத்தை வைத்துக் குடும்பம் நடத்துவோருக்கு இது எளிதில் விளங்கும். வரவு குறைந்த மாதத்தில் செலவைச் சுருக்காமல் கடன் வாங்கினால், அடுத்த மாதம் வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டும். இந்நோயில் உடல் வசூலிக்கும் வட்டி மிக அதிகம்.

வரவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு நாட்குறிப்பு எழுதுவது உதவும். செய்த வேலை, எடுத்துக்கொண்ட நேரம், நின்றா உட்கார்ந்தா படுத்தா செய்தது, உறக்கம் எப்படி இருந்தது, அறிகுறிகளின் தீவிரம் பத்துக்கு எத்தனை ஆகியவற்றைச் சில சொற்களில் குறித்தால் போதும். எழுதுவதே சுமையானால் கைப்பேசியில் குரல் பதிவு செய்யலாம், அல்லது வீட்டில் உள்ளவர்களிடம் குறிக்கச் சொல்லலாம். நலிவு ஏற்பட்ட நாளைக் கண்டதும், அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களின் பக்கங்களைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலே கண்ட வங்கி ஊழியரின் செவ்வாய்க்கிழமைக்கான காரணம் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இருக்கும்.

உழைப்பு என்றால் உடலுழைப்பு மட்டும் அல்ல. கணக்குப் பார்ப்பது, படிவம் நிரப்புவது, கைப்பேசித் திரையை நெடுநேரம் பார்ப்பது ஆகியவை மூளையின் உழைப்பு. வாக்குவாதம், கவலை, ஏன், பெருமகிழ்ச்சியும்கூட உணர்ச்சியின் உழைப்பு. விருந்தினருடன் உரையாடுவது, இரைச்சல் மிகுந்த இடத்தில் இருப்பது ஆகியவையும் ஆற்றலைக் கரைக்கின்றன. எல்லாமே ஒரே கணக்கில்தான் கழிகின்றன. நடக்கவே இல்லையே, உட்கார்ந்துதானே இருந்தேன் என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்கத் தவறுகின்றனர்.

இரண்டாம் படி: களைப்பதற்கு முன்பே நிறுத்துதல்

உடல்நலம் உள்ளவர் களைத்த பிறகு ஓய்வெடுக்கிறார். இந்நோயாளி களைப்பு தெரிவதற்கு முன்பே ஓய்வெடுக்க வேண்டும். அளவோடு இயங்கும் முறையின் மையம் இதுவே. ஒருவரால் பின்விளைவு இல்லாமல் 30 நிமிடம் சமையலறையில் நிற்க முடிகிறது என்று நாட்குறிப்பு காட்டினால், திட்டத்தை 20 நிமிடத்திற்கு வகுத்துக்கொள்வது பாதுகாப்பானது. அந்த 20 நிமிடத்தையும் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்து, இடையில் படுத்து ஓய்வெடுக்கலாம். நன்றாக இருப்பதுபோல் தோன்றும் நாளிலும் அதே அளவைத் தாண்டாமல் இருப்பதுதான் கடினமான பகுதி. கைப்பேசியில் அலாரம் வைத்து, அது ஒலித்ததும் பாதியில் இருந்தாலும் வேலையை நிறுத்துவது பலருக்கு உதவுகிறது.

ஓய்வு என்பதற்கும் இங்கே தனிப்பொருள் உண்டு. தொலைக்காட்சி பார்ப்பதும் சமூக ஊடகங்களில் காணொலிகளைத் தள்ளிக்கொண்டிருப்பதும் மூளைக்கு வேலையே. கண்ணை மூடி, ஒலியும் ஒளியும் குறைந்த அறையில், கைகால் தளர்த்திப் படுத்திருப்பதே ஓய்வு. உறக்கம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடங்கள் இவ்வாறு படுத்திருப்பதை மருந்து வேளைபோல் நேரம் குறித்துக் கடைப்பிடிக்கலாம்.

வேலைகளைத் தெரிவு செய்வதிலும் ஒழுங்கு தேவை. ஒவ்வொரு வேலையையும் பற்றி நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இது இன்றே நடக்க வேண்டுமா? நான்தான் செய்ய வேண்டுமா? இதை எளிதாக்க வழி உண்டா? செய்யாமலே விட்டால் என்ன ஆகும்? உலக சுகாதார அமைப்பு கோவிட்டுக்குப் பிந்தைய சுயபராமரிப்புக்காக வெளியிட்ட கையேடும் அளவோடு இயங்குதல், திட்டமிடுதல், முன்னுரிமை வகுத்தல் ஆகியவற்றையே வலியுறுத்துகிறது.

நம் வீடுகளில் எவ்வாறு கடைப்பிடிப்பது?

இம்முறை குறித்த கையேடுகள் பெரும்பாலும் மேலை நாடுகளில் எழுதப்பட்டவை. இந்திய வீடுகளின் வேலைகள் வேறு. சில எளிய மாற்றங்கள் கணிசமான ஆற்றலை மிச்சப்படுத்தும்.

சமையல்: காய் நறுக்குவது, மாவு பிசைவது, சப்பாத்தி தேய்ப்பது ஆகியவற்றை நாற்காலியில் அமர்ந்து மேசையில் வைத்துச் செய்யலாம். தரையில் அமர்ந்து எழுவது எளிது போலத் தோன்றினாலும், ஒவ்வொரு முறை எழும்போதும் உடல் பெரும் விலை கொடுக்கிறது. முதல் நாளே காய் நறுக்கி வைப்பது, பருப்பையும் அரிசியையும் ஒரே குக்கரில் அடுக்குகளாக வேகவைப்பது, இருமுறைக்குத் தேவையானதை ஒருமுறையில் சமைப்பது ஆகியவை அடுப்படியில் நிற்கும் நேரத்தைக் குறைக்கும்.

குளியல்: வெந்நீரும், நின்றபடி கையை உயர்த்தித் தலை தேய்ப்பதும் பலருக்கு நலிவைத் தூண்டுகின்றன. குளியலறையில் நெகிழி முக்காலி ஒன்றைப் போட்டு அமர்ந்து குளிப்பது, நிறைந்த வாளியைத் தூக்காமல் குழாயடியிலேயே வைத்துக்கொள்வது, தலைக்குக் குளிக்கும் நாளில் வேறு பெரிய வேலை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நன்று. கால் மடக்கி அமரும் கழிப்பறை மட்டுமே உள்ள வீடுகளில், அதன் மேல் வைக்கும் இருக்கை பெரிதும் உதவும்.

வெளி வேலைகள்: வங்கி, நியாயவிலைக் கடை, மருத்துவமனை வெளிநோயாளிகள் பிரிவு என வரிசையில் நிற்பது நம் நாட்டில் தவிர்க்க இயலாதது. நிமிர்ந்து நிற்கும்போது படபடப்பும் தலைசுற்றலும் உள்ளவர்களுக்கு அரை மணி நேர வரிசை ஒரு நாள் உழைப்புக்குச் சமமாகிவிடும். மடக்கு முக்காலி எடுத்துச் செல்வது, கூட்டம் குறைந்த நேரத்தைத் தெரிந்துகொள்வது, குடும்பத்தினரை வரிசையில் நிறுத்துவது ஆகியவை வழிகள். கோடைக்காலத்தில் இத்தொல்லை கூடுவதால், வெயில் நேரப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

பண்டிகையும் திருமணமும்: தீபாவளிக்கு முன் வீடு முழுவதையும் சுத்தம் செய்வது, ஈத் விருந்து சமைப்பது, மூன்று நாள் திருமணத்தில் பங்கேற்பது போன்றவை முன்கூட்டியே தெரிந்த செலவுகள். அதற்கு முந்தைய சில நாள்களில் வேலையைக் குறைத்துக்கொண்டு, பிந்தைய சில நாள்களையும் ஓய்வுக்கென ஒதுக்கி வைக்கலாம். எல்லாச் சடங்கிலும் இருப்பதைவிட, தனக்கு முக்கியமான ஒரு நிகழ்வைத் தெரிந்தெடுத்து அதில் மட்டும் அமர்ந்து பங்கேற்பது பின்னர் வரும் முடக்கத்தைத் தவிர்க்கும்.

யோகாசனம்: சூரிய நமஸ்காரம் போன்ற தொடர் அசைவுகள் உடற்பயிற்சியே. அவற்றுக்கும் மேற்கூறிய எச்சரிக்கை பொருந்தும். படுத்தபடி மெதுவாக மூச்சைக் கவனிப்பது வேறு. எதைச் செய்தாலும் இரண்டு நாள் கழித்து உடல் என்ன சொல்கிறது என்பதே அளவுகோல்.

நாடித்துடிப்பு தரும் எச்சரிக்கை

வரம்பைத் தாண்டுவதை உடனுக்குடன் அறிய நோயாளிகள் சிலர் இதயத் துடிப்பைக் கண்காணிக்கின்றனர். ஓய்வு நிலையில் உள்ள துடிப்புடன் 15-ஐக் கூட்டி, அந்த எண்ணைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது ஒரு முறை. ஓய்வில் நிமிடத்திற்கு 70 துடிப்பு உள்ளவருக்கு இது 85 ஆகும். துடிப்பு அதை நெருங்கினால் வேலையை நிறுத்தி உட்காரவோ படுக்கவோ வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கைக்கடிகாரம் கட்டாயம் அல்ல. கோவிட் காலத்தில் பல வீடுகளில் வாங்கி வைத்த பல்ஸ் ஆக்சிமீட்டரும் நாடித்துடிப்பைக் காட்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளை உட்கொள்வோருக்கும், எழுந்து நின்றாலே துடிப்பு வெகுவாக உயரும் சிக்கல் உள்ளோருக்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கலந்தே எல்லையை வகுக்க வேண்டும்.

நலிவு வந்துவிட்டால்?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நேரங்களில் வரம்பு மீறப்படும். காய்ச்சல், மாதவிடாய், உறக்கமின்மை ஆகியவை வரம்பையே சுருக்கிவிடுவதும் உண்டு. அந்நாள்களில் தவிர்க்க முடியாதவை நீங்கலாக அனைத்தையும் நிறுத்திவிட்டு, நீர்மங்களும் எளிதில் செரிக்கும் உணவும் எடுத்துக்கொண்டு, ஒளியும் ஒலியும் குறைந்த அறையில் இருப்பது நல்லது. சமைக்கத் தேவையில்லாத உணவு, தண்ணீர் பாட்டில், மருந்துகள், உதவிக்கு அழைக்க வேண்டிய எண்கள் ஆகியவற்றைப் படுக்கையருகே முன்பே தயாராக வைத்திருக்கலாம். அறிகுறிகள் தணிந்ததும் பழைய அளவுக்கு ஒரே நாளில் திரும்பாமல், அதில் பாதியில் தொடங்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், ஒரு பக்கக் கைகால் பலவீனம் போன்ற புதிய அறிகுறிகளை நலிவு என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பல வாரங்கள் நலிவின்றிக் கடந்தால், ஒரு வேலையை மட்டும் மிகச் சிறிய அளவில் கூட்டிப் பார்க்கலாம். அறிகுறிகள் தலைகாட்டினால் தயங்காமல் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும்.

குடும்பமும் பணியிடமும்

அளவோடு இயங்கும் முறை தனிமனிதரின் மன உறுதியால் மட்டும் நடைபெறக் கூடியதன்று. சமையலையும் குழந்தைகளையும் முதியோரையும் ஒருவரே கவனித்துக்கொள்ளும் வீட்டில், 'பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள்' என்ற அறிவுரைக்குப் பொருளில்லை. அந்த வேலையின் மறுபாதியை வேறொருவர் ஏற்றால்தான் அவரால் நிறுத்த முடியும். காலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் மறுநாள் எழாமல் கிடப்பது சோம்பலோ நடிப்போ அல்ல என்பதைக் குடும்பத்தினர் உணர்வது முதல் உதவி.

'நைஸ்' வழிகாட்டுதல் நோயின் தீவிரத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. 'லேசான' நிலையில் இருப்போர்கூடப் பொழுதுபோக்கையும் உறவினர் சந்திப்பையும் கைவிட்டு, வார விடுமுறை முழுவதும் படுத்து ஓய்வெடுத்தால்தான் வேலைக்குச் செல்ல முடிகிறது என்று அது விளக்குகிறது. அலுவலகத்தில் அவரைப் பார்ப்பவருக்கு நோய் இருப்பதே தெரியாது. வீட்டிலிருந்து பணிபுரியும் வாய்ப்பு, நெகிழ்வான வேலை நேரம், மதிய வேளையில் படுக்க ஓர் இடம், அமர்ந்து செய்யும் பணி போன்ற ஏற்பாடுகள் இத்தகையோர் வேலையை இழக்காமல் காக்கும். மிகத் தீவிர நிலையில் உள்ளோர் பேசவும் உண்ணவும்கூடத் துணை வேண்டிப் படுக்கையிலேயே இருக்கின்றனர். அவர்களுக்கு அறைக்குள் ஒலிக்கும் குரலும் சுமையாகலாம். அவர்களுக்கான திட்டத்தை மருத்துவரின் துணையுடனேயே வகுக்க வேண்டும்.

இந்தியாவில் நிலை என்ன?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகள் என்ற பொதுப் பிரிவு உண்டு. நாள்பட்ட சோர்வு நோய்க்குறியின் பெயர் தனியே இடம்பெறவில்லை.

சோர்வு என்ற புகார் மட்டும் நம் நாட்டில் பரவலானது. கோவாவில் 18 முதல் 50 வயது வரையிலான 2,494 பெண்களிடம் நடத்தப்பட்டு, 2005-ஆம் ஆண்டு 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியான ஆய்வில், 12.1 சதவீதத்தினர் ஆறு மாதங்களுக்கு மேலாகச் சோர்வு நீடிப்பதாகக் கூறினர். இவர்கள் அனைவருக்கும் இந்த நோய்க்குறி உள்ளது என்று பொருளல்ல. நீடித்த சோர்வுக்குக் காரணங்கள் பல. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ளது. தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், காசநோய், வைட்டமின் பி12 மற்றும் டி குறைபாடு, உறக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு ஆகியவையும் சோர்வை உண்டாக்கும். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு. ஆகவே, நீடித்த சோர்வு உள்ளவர்கள் தாமாகவே ஒரு முடிவுக்கு வராமல், பொது மருத்துவரிடம் முதலில் இப்பரிசோதனைகளைச் செய்துகொள்வது அவசியம்.

அதே வேளையில், பரிசோதனைகள் இயல்பாக வந்துவிட்டன என்பதாலேயே நோய் இல்லை என்றாகிவிடாது. இந்த நோய்க்குறியை உறுதிசெய்யும் தனி ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. மருத்துவரிடம் 'சோர்வாக இருக்கிறது' என்று மட்டும் கூறுவதைவிட, 'இன்று உழைத்தால் ஒன்றிரண்டு நாள் கழித்து நோய் கூடுகிறது, இத்தனை நாள் நீடிக்கிறது' என்று நாட்குறிப்பைக் காட்டி விளக்கினால், நோயின் தனி அடையாளம் அவர் கவனத்திற்கு வரும். டெங்கு, சிக்குன்குனியா, கோவிட் போன்ற தொற்றுக்குப் பின் தொடங்கியிருந்தால் அதையும் மறவாமல் குறிப்பிட வேண்டும்.

அளவோடு இயங்கும் முறை நோயைக் குணப்படுத்தும் என்று எவரும் உறுதியளிக்கவில்லை. பெரியவர்களில் முழுமையாகத் தேறுவோர் குறைவு. சிறுவர்களுக்கு வாய்ப்பு சற்று அதிகம். ஆனால் மாதத்தில் நான்கு முறை முடங்கியவர் ஒரு முறை மட்டுமே முடங்கும் நிலைக்கு வந்தால், மிஞ்சும் நாள்களை அவர் தம் விருப்பப்படி திட்டமிட முடியும். அந்த நாள்களில் எதைச் செய்வது என்று அவரே முடிவு செய்யலாம் என்பதே இம்முறையால் கிட்டும் பயன்.

(பொறுப்புத் துறப்பு: இச்செய்தித் தொகுப்பு பொதுவான புரிதலுக்காக மட்டுமே வழங்கப்படுகிறது. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் தகுதிவாய்ந்த மருத்துவரை அணுகவும்.)